மாமியார் தொட்டிக்கு இரண்டு வாளித் தண்ணீர்

மாமியார் செத்துப்போனது ஒரு திங்கட்கிழமை. மீன் காட்சியகத்துக்கு அன்று வார விடுமுறை. உயிரோடு இருந்தவரை ஒருத்தரையும் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. போகும்போது மட்டும் கூட்டம் கூட்டாமல் போய்விட்டாள்.

யாரும் பதற வேண்டாம். மாமியார் என்பது ஒரு ஆக்டோபஸ். எட்டுக் கை, மூன்று இதயம், நீல ரத்தம். பெயர் வைத்தவர் பம்ப் பழுது பார்க்கிறவர். பிடிக்காத ஆள் பக்கத்தில் போனால் மூஞ்சியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். மூடியைச் சரியாகப் போடாவிட்டால் ஆள் அசந்த நேரத்தில் வெளியே இறங்கிப் போய், அடுத்த தொட்டி நண்டைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்து, ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். யார் எந்த வேலையை அரைகுறையாகச் செய்தாலும் ஒற்றைக் கண்ணைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். "அச்சு அசல் எங்க மாமியாரேதான்" என்று பம்ப்காரர் சொன்னார். அவருடைய வீட்டில் அதைக் கேள்விப்பட்டு என்ன நடந்தது என்பது வேறு கதை.

'உலகத்து விசித்திரக் கடல் உயிர்கள்' என்று மாமியார் இருந்த கூடத்தின் வாசலில் பெரிய பலகை இருந்தது. உள்ளே வேலை பார்க்கிறவர்கள் எதையும் பலகையில் உள்ள பெயரால் கூப்பிட்டதில்லை. வயிற்றுப் பையில் குட்டிகளைச் சுமக்கிற ஆண் கடல்குதிரை, மாசமான மாப்பிள்ளை. நாள் முழுக்க ஒரே பாறையில் உட்கார்ந்து, வாய்க்கு நேரே வருவதை மட்டும் விழுங்குகிற தவளை மீன், பெரிய இடத்துப் பிள்ளை. மணலுக்குள்ளிருந்து பாதி உடம்பை நீட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிற விலாங்குக் கூட்டம், போட்டோவுக்கு நிற்கிற சொந்தக்காரர்கள். ஒரே குத்தில் சிப்பி ஓட்டை உடைக்கிற மாண்டிஸ் இறால், பயில்வான்.

இத்தனைக்கும் பொறுப்பாளியாக இருந்த பெண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சட்டாம்பிள்ளை. நாற்பத்தொரு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. கூடத்தின் பின்பக்கச் சுவர் முழுக்க அவள் கையெழுத்துதான். கை கழுவாமல் தொடாதே. நகை போட்ட கையைத் தண்ணீரில் விடாதே. மூடியைப் பூட்டாமல் நகராதே. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்: சிவப்பு வாளி மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.

அந்தக் கடைசி விதிக்கு ஒரு காரணம் உண்டு. புதிதாக வருகிற மீன்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி நோய் இருக்கும். அவற்றைச் சிகிச்சை அறையில் வைத்து, தண்ணீரில் செம்பு மருந்து கலப்பார்கள். மீன் அதைத் தாங்கும். ஆனால் ஆக்டோபஸ், இறால், நண்டு மாதிரி எலும்பில்லாத ஜீவன்களுக்கு அதே செம்பு விஷம். அதனால் மருந்துக்குச் சிவப்பு வாளி, மற்றதுக்கு வெள்ளை வாளி. சிகிச்சை அறை வாசலில் தரையில் மஞ்சள் கோடு. அந்தக் கோட்டை ஈரச் செருப்போடு தாண்டி வந்த ஒருவரை மூன்று நாள் வேலைக்கு வராதே என்று அனுப்பியவள் சட்டாம்பிள்ளை. அவர் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவசரத்தில் ஓடினாராம். "காய்ச்சலுக்கு மருந்து இருக்கு. செம்புக்கு மருந்து இல்ல" என்று சொன்னாள். சரியான பதில்தான். சொன்ன விதத்தைத்தான் யாரும் மறக்கவில்லை.

மாமியார் நாலு மாதமாக முட்டை காத்துக்கொண்டிருந்தாள். ஆக்டோபஸ் அம்மாவுக்கு அது முதலும் கடைசியுமான பிரசவம். அரிசி மணி மாதிரி ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சரம் சரமாகப் பாறைப் பொந்தில் தொங்கவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு உட்காருவாள். சாப்பாடு கிடையாது. முட்டைகளைத் தடவிச் சுத்தம் செய்வதும் அவற்றின் மேல் தண்ணீரை ஊதுவதும்தான் வேலை. குஞ்சு பொரிந்ததும் செத்துப்போவாள். அதற்காகவே அவளைப் பின்பக்கத்து நடையில், தனி வடிகட்டியோடு ஒரு சின்னத் தொட்டியில் வைத்திருந்தார்கள். சிவப்பு வெளிச்சம் ஆக்டோபஸ் கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காது என்பதால், அந்த நடையில் சிவப்பு விளக்கை மட்டும் போடச் சொன்னதும் சட்டாம்பிள்ளைதான். ஊதுகிற மாமியாரை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிகிச்சை அறையின் சாக்கடை அடைத்துக்கொண்டது. மருந்து கலந்த சிவப்பு வாளியை அலச வழியில்லை. ஒரே ஒரு தடவைதானே என்று சட்டாம்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி, நடையில் இருந்த தொட்டித் தண்ணீர்க் குழாயடிக்கு வந்தாள். வாளியைக் கீழே வைத்ததும் மேலாளரிடமிருந்து போன். முக்கியமான விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், உடனே வா. போனாள். விருந்தாளிகளுக்குக் கூடம் முழுக்கச் சுற்றிக் காட்டினாள். வாளியை மறந்தே போனாள்.

சாயங்காலம் மூடுகிற நேரம். தொட்டியில் கழித்துவிடுகிற பழைய தண்ணீருக்குப் பதில் தினமும் இரண்டு வாளி ஊற்ற வேண்டும். காலெல்லாம் வலி, வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. குழாயடியில் இரண்டு வாளி இருந்தன. இரண்டையும் நிரப்பினாள். இரண்டையும் ஊற்றினாள். மூடியைப் பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள். அதிலெல்லாம் அவள் கெட்டி.

திங்கட்கிழமை காலையில் அவள்தான் முதலில் பார்த்தாள். மாமியார் பொந்துக்கு வெளியே, தொட்டியின் மூலையில், அழுக்குத் துணி நிறத்தில் கிடந்தாள். முட்டைச் சரங்கள் அப்படியே தொங்கின. ஊதுவதற்கு ஆள் இல்லை. சட்டாம்பிள்ளை ஓடிப் போய் நடையின் பெரிய விளக்கைப் போட்டாள். வெள்ளை வெளிச்சம் வந்ததும் குழாயடி தெரிந்தது. ஒரு வெள்ளை வாளி. பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி.

விளக்கை அணைத்தாள். சிவப்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலவே இருந்தன. மறுபடி போட்டாள். ஒன்று சிவப்பு. மறுபடி அணைத்தாள். இப்படி எத்தனை தடவை செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு அந்தச் சிவப்பு வாளியை மூன்று முறை அலசி, துடைத்து, சிகிச்சை அறைக் கொக்கியில் மாட்டினாள். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குப் போன் செய்தாள். அந்த வரிசையை அவள் பின்னால் எத்தனையோ முறை மனசுக்குள் மாற்றிப் பார்த்தாள். முதலில் போன், பிறகு வாளி என்று வைத்தாலே போதும், அவள் வேறு மனுஷியாக இருந்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் அறையில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். தண்ணீரைச் சோதிக்கிற பெண்மணி, அவருக்குத் தண்ணீர் டாக்டர் என்று பெயர், காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

"தொட்டித் தண்ணியில செம்பு இருக்கு. கொஞ்ச நஞ்சம் இல்ல. முட்டையும் போச்சு."

"எப்படி வந்தது?" என்றார் மேலாளர். எல்லாரும் சட்டாம்பிள்ளையைப் பார்த்தார்கள். சந்தேகத்தில் இல்லை, அவளுக்குத் தெரியாதது இருக்காது என்ற நம்பிக்கையில். அது இன்னும் மோசமாக இருந்தது.

"மருந்துக் குறிப்பேட்டைப் பார்த்துட்டேன், சார். அளவு சரியா இருக்கு. சிவப்பு வாளி மூணும் கொக்கியில மாட்டி இருக்கு" என்றாள். இரண்டுமே உண்மை. இப்படிப்பட்ட உண்மையைச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது கதவருகே நின்ற அண்ணி கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளை தூக்குகிற மாதிரி.

அண்ணி என்றால் சட்டாம்பிள்ளையின் சொந்த அண்ணனுடைய மனைவி. அண்ணன் லாரி ஓட்டுகிறவர். பத்து நாள் பாதையில், மூன்று நாள் வீட்டில். மூன்று பேருக்கும் ஒரே வீடுதான். மூன்று வருஷத்துக்கு முன் அண்ணியை இங்கே தரை துடைக்கவும் கண்ணாடி துடைக்கவும் சேர்த்துவிட்டவளே சட்டாம்பிள்ளைதான். வேலையிடத்தில் ஊரே அவளுக்குப் பயப்படும். வீட்டில் அண்ணிக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் அண்ணி. "நான் தினமும் சாயங்காலம் நடையைத் துடைக்கும்போது, சுவர்ல தொங்குற சாவியால பூட்டைத் திறந்து, மூடியைக் கொஞ்சம் தூக்கி, தண்ணியில கை விடுவேன். அது என் மணிக்கட்டைச் சுத்திப் பிடிச்சுக்கும். கொஞ்ச நேரம்தான். ஞாயித்துக்கிழமையும் விட்டேன். தொடக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குன்னு தெரியும். தப்புதான்."

பேசிக்கொண்டே கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் ஒரு வளையல் மின்னியது. பம்ப்காரர்தான் முதலில் பார்த்தார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் பட்டது, வாயில் வந்துவிட்டது.

"அது செம்பு வளையல்தானே?"

அண்ணி தன் கையைத் தானே புதிதாகப் பார்த்தார். மாப் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வலிக்கிறது என்று போன வருஷம் சொன்னபோது, செம்பு போட்டால் வலி போகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அந்த வளையலை வாங்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டவள் சட்டாம்பிள்ளை. வலி போனதோ இல்லையோ, போய்விட்டது என்று அண்ணி சொன்னார். அன்றிலிருந்து கழற்றவே இல்லை.

தண்ணீர் டாக்டர் முகத்தைச் சுளித்தார். "ஒரு வளையலுக்கு இவ்வளவு வராதே" என்று சட்டாம்பிள்ளையைப் பார்த்தார். துணைக்கு ஆள் தேடுகிற பார்வை.

"தினமும் விட்டிருக்காங்களே. சேர்ந்து சேர்ந்து வந்திருக்கலாம் இல்லையா?" என்றார் மேலாளர். அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். காரணம் கையில் கிடைத்தால் போதும். "நீங்க சொல்லுங்க. வளையல்ல இருந்து வந்திருக்குமா?"

வராது. ஒரு நிமிஷம் நனைகிற வளையலால் ஒரு நத்தைகூடச் சாகாது. இது சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

"வாய்ப்பே இல்லைன்னு சொல்ல முடியாது, சார்" என்றாள்.

வாளியை மாற்றி எடுத்தது கண் செய்த வேலை என்று வைத்துக்கொள்ளலாம். இது முழுக்க முழுக்க அவள் வாய் செய்த வேலை. தண்ணீர் டாக்டர் காகிதத்தை மடித்துவிட்டார். அண்ணி சத்தம் வராமல் அழ ஆரம்பித்தார். சட்டாம்பிள்ளை தன் கையில் இருந்த கோப்பைத் திறந்து, அதில் எழுதியிருந்த ஏதோ ஒன்றைக் கவனமாகப் படித்தாள்.

வீட்டில் அன்று அண்ணி சமைத்தார், பரிமாறினார், தான் மட்டும் உட்காரவில்லை. வளையலைக் கழற்றிச் சமையலறை ஜன்னல் மேடையில் வைத்திருந்தார். மணிக்கட்டில் பச்சைத் தடம் ஒன்று வட்டமாக விழுந்திருந்தது. அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடுங்க அண்ணி."

"பசிக்கல, பாப்பா. நாலு மாசம் பட்டினி கிடந்தா அவ. நான் ஒரு வேளை இருந்தா என்ன குறைஞ்சிடப் போகுது." குழாயை மூடிவிட்டு, "வலிச்சிருக்குமா?" என்றார்.

"யாருக்கு?"

"மாமியாருக்கு. விஷம் ஏறும்போது."

சட்டாம்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "தெரியல அண்ணி" என்றாள். தெரியும். மூச்சு முட்டியிருக்கும். மூன்று இதயத்தோடும் முட்டியிருக்கும்.

"போன வாரம் முட்டைக்குள்ள சின்னச் சின்னதா கறுப்புப் புள்ளி தெரிஞ்சுது. கண்ணுன்னு நீதானே சொன்ன? அத்தனை கண்ணு. எல்லாம் என்னைத்தான் பார்த்திருக்கும்." அண்ணி முந்தானையில் முகம் துடைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, லேசாகச் சிரித்தார். "உங்கம்மா கூட நான் பத்து வருஷம் இருந்தேன். நல்லவங்கதான். ஆனா ஒரு நாள்கூட என் கையைப் பிடிச்சதில்ல. இந்த மாமியார் தினமும் பிடிச்சுது. அதான் சட்டத்தை மீறிட்டேன். உனக்குத்தான் என்னால தலைகுனிவு. எங்க அண்ணி இப்படிச் செஞ்சுட்டாங்கன்னு எல்லார் முன்னாடியும் நீ நின்ன பாரு. என்னை மன்னிச்சிடு, பாப்பா."

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைக்கூடத் திறந்தாள். ஆனால் வந்தது, "விடுங்க அண்ணி" என்ற இரண்டு வார்த்தை. சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். இதையெல்லாம் எழுதும்போது எனக்கே அவள் மேல் எரிச்சல் வருகிறது. ஆனால் வாயில் வந்ததை மென்று முழுங்காத மனிதர் யார் என்று கேட்டால், என்னால் உடனே ஒரு பெயர் சொல்ல முடியவில்லை.

அவள் தனக்குத்தானே எத்தனை சப்பைக்கட்டுக் கட்டினாள் தெரியுமா? மாமியார் எப்படியும் ஒரு மாதத்தில் போயிருப்பாள். சாக்கடையை நேரத்துக்குச் சரி செய்யாதது பராமரிப்புக்காரர்கள். போன் போட்டது மேலாளர். அண்ணிக்கு மணிக்கட்டு வலி, இந்த வேலை போனால் ஒரு விதத்தில் நல்லதுதான். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் நின்றது. பதினோராவது நிமிஷம் சமையலறையில் சோப்புப் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்கும்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேர் வந்தார்கள். சட்டாம்பிள்ளை வழக்கமாகச் சொல்வதைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். கடல்குதிரையில் அப்பாதான் பிள்ளை பெறும் என்றதும் பையன்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பயில்வான் தொட்டிக்கு வந்தார்கள்.

"நம்ம கண்ணுல நிறம் பார்க்கிற உணர்வு மூணு வகைதான் இருக்கு. இந்த இறாலுக்குப் பன்னிரண்டு" என்றாள்.

கண்ணாடி போட்ட ஒரு சிறுமி யோசித்துவிட்டு, "அப்ப இது எந்த நிறத்தையும் தப்பாவே பார்க்காதா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாது. சோதிச்சுப் பார்த்தவங்க, நிறத்தைப் பிரிச்சுச் சொல்றதுல நம்மளை விட இது மோசம்னு சொல்றாங்க."

"பன்னிரண்டு இருந்துமா?"

"இருந்தும்தான்."

அடுத்தது மாமியாருடைய பழைய பெரிய தொட்டி. காலி. படம் மட்டும் இருந்தது. ஆக்டோபஸ் பாறை நிறத்துக்குப் பாறையாகவும் மணல் நிறத்துக்கு மணலாகவும் மாறும். ஆனால் அதற்கு நிறமே தெரியாது, எல்லாம் வெளிச்சமும் நிழலும்தான் என்று சொன்னாள். ரத்தம் ஏன் நீலம் என்று ஒருவன் கேட்டான்.

"நம்ம ரத்தத்துல இரும்பு இருக்கு, அதனால சிவப்பு. அதோட ரத்தத்துல இருக்கிறது செ..." என்று ஆரம்பித்தவள் அந்தச் சொல்லைப் பாதியில் விட்டுவிட்டாள். ஆக்டோபஸ் உயிர் வாழ்வதே ரத்தத்தில் ஓடுகிற செம்பால்தான். தண்ணீரில் வந்தால் அதே செம்பு கொல்லும். ஆயிரம் தடவை சொன்ன விஷயம். ஆசிரியை வந்து, "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டார். அந்தச் சிறுமி கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் உள்ள ஒன்றைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேலாளர் அறையில் அண்ணி கையெழுத்துப் போட வேண்டும். விதியை மீறி நகையோடு தொட்டியில் கை விட்டதால் உயிரிழப்பு நேர்ந்தது, அதற்கு நானே பொறுப்பு, இன்றோடு வேலையிலிருந்து விலகுகிறேன். மேலாளர் நல்லவர்தான், போலீஸ், அபராதம் எதுவும் இல்லாமல் முடித்துவைக்கிறேன் என்றார். அண்ணி துவைத்து மடித்த சீருடையை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். பேனாவை எடுத்தார். பிடிக்கும்போது மணிக்கட்டு வலித்திருக்க வேண்டும். இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டார்.

"அண்ணி, போடாதீங்க" என்றாள் சட்டாம்பிள்ளை.

மேலாளர் நிமிர்ந்தார்.

"சார், ரெண்டு நிமிஷம் நடைக்கு வாங்க. அண்ணி, நீங்களும்."

தண்ணீர் டாக்டரும் பம்ப்காரரும் கூடவே வந்தார்கள். சட்டாம்பிள்ளை சிகிச்சை அறைக்குப் போய்க் கொக்கியிலிருந்து ஒரு வாளியை எடுத்து, எல்லார் கண்ணெதிரேயும் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். பம்ப்காரர் "ஐயோ" என்றே சொல்லிவிட்டார். அதைக் குழாயடியில் வெள்ளை வாளிகளோடு வைத்து, இடம் மாற்றி மாற்றி வைத்துவிட்டு நகர்ந்தாள். காலித் தொட்டிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இதுல எது சிவப்பு வாளி, அண்ணி?"

அண்ணி குனிந்து பார்த்தார். மூன்றும் வெளிறிப்போய் ஒன்று போலவே இருந்தன. ஒன்றைக் காட்டினார். பிறகு சந்தேகம் வந்து இன்னொன்றைக் காட்டினார். மேலாளர் மூன்றாவதைக் காட்டினார்.

சட்டாம்பிள்ளை பெரிய விளக்கைப் போட்டாள். இரண்டு பேரில் மேலாளர்தான் சரியாகச் சொல்லியிருந்தார், அதுவும் குருட்டாம்போக்கில்.

"ஞாயித்துக்கிழமை மருந்து வாளியை நான்தான் இங்க கொண்டுவந்து வெச்சேன். அலசல. சாயங்காலம் அதுலதான் தண்ணி பிடிச்சு மாமியாருக்கு ஊத்தினேன். இந்த விளக்கைப் போட்டவளும் நான், நிறம் பார்த்து எடுக்கணும்னு விதி போட்டவளும் நான். ரெண்டையும் சேர்த்து யோசிக்கல. வளையலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கு அது செவ்வாய்க்கிழமையே தெரியும், சார். திங்கக்கிழமையே வாளியைக் கழுவி மாட்டிட்டேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சொன்னதும் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை.

தண்ணீர் டாக்டர், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மேலாளர் கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்தார். வாளிக் கைப்பிடியில் கயிறு கட்டினால் இருட்டிலும் கைக்குத் தெரியுமே என்று பம்ப்காரர் முணுமுணுத்தார். இத்தனை வருஷம் சுவர் முழுக்க எழுதியவளுக்கு அது தோன்றவில்லை.

அண்ணி மட்டும் அந்தச் சிவப்பு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் அவளைக் கொல்லல" என்றார்.

"இல்ல, அண்ணி."

"கை பிடிச்சதால ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகல."

அண்ணி மூச்சை விட்டார். ஐந்து நாளாக உள்ளே வைத்திருந்த மூச்சு போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் மற்றது அவருக்கு உறைத்தது. சட்டாம்பிள்ளை அதை முகத்தில் பார்த்தாள். "திங்கக்கிழமையா?" என்று கேட்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கு விரல் இல்லாமல் கட்டைவிரல் நின்றுவிட்டது. பையிலிருந்த சீருடையை எடுத்து, உதறி, மாட்டிக்கொண்டு, மாப்பை எடுக்கப் போனார்.

மேலாளர் அறிக்கையைத் திருத்தி எழுதினார். சட்டாம்பிள்ளையை விசித்திர உயிர்கள் கூடத்திலிருந்து எடுத்து, பின்கட்டில் மீன்களுக்குத் தீனி நறுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். நாள் முழுக்கக் கணவாய் வெட்ட வேண்டும். யாரும் விதிக்காத தண்டனையாக அவளே வாளிகளுக்குக் கயிறு கட்டினாள். ஈரச் செருப்போடு கோட்டைத் தாண்டியவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர், "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் சொன்ன வாசகத்தை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அண்ணி திட்டியிருந்தால் தேவலை. அண்ணன் வந்தபோது கூட அவரிடம் அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, துணி மடித்து வந்தது, "பாப்பா, குடை எடுத்துக்கோ" வந்தது. அண்ணி பழையபடி சாப்பிட்டார், டீவி பார்த்துச் சிரித்தார். பெரிய தொட்டிக்குப் புதிய ஆக்டோபஸ் வந்திருக்கிறது, ஆண், படு கூச்சம், அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று சொன்னார். வேலையிடத்து விஷயம் எல்லாம் இப்போது அண்ணி சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது.

வளையல் மட்டும் ஜன்னல் மேடையிலேயே இருந்தது. ஒரு மாதமாயிற்று, ஒன்றரை மாதமாயிற்று. தூசி துடைக்கும்போது அண்ணி அதை எடுத்து, கீழே துடைத்து, அதே இடத்தில் வைப்பார். மணிக்கட்டு வலி கூடியிருந்தது. கனமான பாத்திரத்தை இடது கையால் தூக்குவதைச் சட்டாம்பிள்ளை கவனித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வளையலை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்கோங்க அண்ணி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுதான் தெரிஞ்சுபோச்சே."

அண்ணி அதை வாங்கினார். புடவை ஓரத்தால் துடைத்தார். அழகாக இருக்கிறது என்பது போல வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மறுபடி ஜன்னல் மேடையிலேயே வைத்துவிட்டு, அவளுடைய சாப்பாட்டு டப்பாவை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"எனக்கு வளையல் மேல கோபம் இல்ல, பாப்பா" என்றார்.